நிறுத்திய நீர்மூழ்கி உலையில் எவ்வளவு சூடு மிச்சம்? கணக்கிடும் முறை

நீர்மூழ்கிக் கப்பலின் அணு உலைக்குள் கட்டுப்பாட்டுத் தண்டுகள் (அணுப்பிளவை அடக்கும் கோல்கள்) இறங்கியதும் தொடர்வினை நின்றுவிடும்; சூடு நிற்காது. யுரேனியம் பிளந்து பிறந்த துண்டு அணுக்கள் சிதைந்துகொண்டே இருப்பதால், அந்தக் கணத்திலும் முழுத்திறனில் 6 முதல் 7 சதவீதம் வெப்பம் வரும்.

கணக்குக்கு மூன்று எண்கள் போதும்: உலையின் வெப்பத்திறன், அது ஓடிய காலம், நின்றபின் கழிந்த காலம். கப்பல் குறிப்புகளில் உள்ள குதிரைத்திறனை எடுக்காதீர்கள். அது கப்பலின் விசிறியைச் சுழற்றும் தண்டுக்குப் போய்ச் சேர்வது. வெப்பத்திறன் அதைப்போல் நாலைந்து மடங்கு.

சோவியத் கே-19 நீர்மூழ்கியின் உலை ஒன்று 70 மெகாவாட். 30 நாள் முழுத்திறனில் ஓடியதாக வைத்துக்கொண்டு, நின்று ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்போம்.

கழிந்த காலம் 3,600 விநாடி. அதை 0.2 அடுக்குக்கு உயர்த்தி, 1-ஐ அதனால் வகுத்தால் 0.194. ஓடிய காலத்தையும் கழிந்த காலத்தையும் கூட்டினால் 25,95,600 விநாடி. அதற்கும் அதையே செய்தால் 0.052. கழித்தால் 0.142. அதை இந்தச் சூத்திரத்தின் மாறா எண்ணான 0.066-ஆல் பெருக்கினால் 0.0094, அதாவது 70 மெகாவாட்டில் சுமார் 660 கிலோவாட். திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீரில் மணிக்கு ஒரு டன்னுக்குமேல் ஆவியாக்க இது போதும்.

காலத்தை விநாடியில்தான் போட வேண்டும். மணியில் போட்டால் விடை ஐந்து மடங்குக்குமேல் பெருத்துவிடும். இரண்டாவது உறுப்பை (மேலே 0.052) கழிக்க மறந்தாலும் விடை கூடுதலாக வரும். முதல் 10 விநாடிக்கு இந்தச் சூத்திரம் ஒத்துவராது. அதற்குப் பிறகும் இது தோராயமே. குளிர்விப்பு நீரைச் செலுத்தும் பம்பின் அளவைத் தீர்மானிக்க வேண்டுமென்றால் தாராளமாகக் கூட்டி வையுங்கள்.

1961 ஜூலை 4 அன்று, வட அட்லாண்டிக்கில் கே-19-இன் ஓர் உலையில் குளிர்விப்பு நீரின் அழுத்தம் விழுந்தது. தண்டுகள் இறங்கிவிட்டன, உலை நின்றேவிட்டது. ஆனாலும் எச்ச வெப்பத்தை எடுத்துச்செல்ல மாற்றுக் குளிர்விப்பு ஏற்பாடு அந்தக் கப்பலில் இல்லை. மாலுமிகள் உலை அறைக்குள் இறங்கி, குழாய் பற்றவைத்துத் தண்ணீர் செலுத்தினார்கள். சூடு தணிந்தது. உள்ளே போனவர்களில் எட்டுப் பேர் கதிர்வீச்சால் சில வாரங்களில் இறந்தார்கள்.

அதே கணக்கைத் தொடர்ந்தால் ஒரு நாள் கழித்து சுமார் 240 கிலோவாட், ஒரு வாரம் கழித்து சுமார் 90. துறைமுகத்தில் கட்டி நிறுத்திய பிறகும் குளிர்விப்பை நிறுத்தக் கூடாது என்பது இந்த 90-ஐப் பார்த்தாலே விளங்கும்.