கட்டில் அசைந்தால் மட்டமும் அசையும்: ஈ.வீ.டி. பொருத்தலும் பார்த்துக்கொள்ளலும்

மூளையின் அறைகளில், மூளையையும் முண்ணாணையும் (முள்ளந்தண்டு வடம்) சூழ்ந்திருக்கும் தெளிந்த நீரான மூளைய முண்ணாண் பாய்பொருள் தேங்கி அழுத்தம் ஏறும்போது, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, கதீற்றர் எனப்படும் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, வெளியே ஒரு வடிகால் தொகுதியுடன் இணைப்பார்கள். அதுதான் ஈ.வீ.டி. (External Ventricular Drain), அதாவது மூளையறையின் வெளி வடிகால். கதீற்றரை வைப்பது நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரின் வேலை. வைத்த பிறகு இரவும் பகலும் அதைக் காப்பது தாதியரின் வேலை. திருகோணமலை போன்ற ஊரில் அந்த நிபுணர் எந்நேரமும் பக்கத்து அறையில் இருக்கமாட்டார். ஆகவே கட்டிலடியில் நிற்பவருக்கு இந்தத் தொகுதி கைத்தலம்போலத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பிரிவின் எழுத்து நடைமுறையும் நிபுணரின் கட்டளையும் இங்கே எழுதியதற்கு மேலானவை.

உயரம் ஒன்றுதான் எல்லாம்

இதில் பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. மேசன்மார் சுவருக்குச் சுவர் மட்டம் பார்க்க நீர் நிரப்பிய குழாய் பிடிப்பார்களே, அதே தத்துவம். தலையிலிருந்து வரும் குழாய் ஒரு சிறு அளவுக்குடுவையின் மேல்வாயில் முடிகிறது. அந்த வாய் நோயாளியின் மூளையறை மட்டத்திலிருந்து 15 செ.மீ. மேலே இருந்தால், உள்ளே அழுத்தம் 15 செ.மீ. நீரைத் தாண்டும்போது மட்டுமே ஒரு துளி விழும். உயர்த்தினால் குறைவாக வடியும், தாழ்த்தினால் கூடுதலாக வடியும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் மணிக்கு ஏறத்தாழ 20 மி.லீ., நாளொன்றுக்கு 450 முதல் 500 மி.லீ. வரை இந்தப் பாய்பொருள் ஊறுகிறது. ஆனால் எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது சுமார் 150 மி.லீ. மட்டுமே. கவனிக்காத பத்து நிமிடத்தில் 50 மி.லீ. ஓடிப்போனால், இருந்ததில் மூன்றில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். மூளை சுருங்கி விலகும்போது மேலுறையோடு இணைந்த நாளங்கள் கிழிந்து, உறைக்கும் மூளைக்கும் இடையில் சப்டியூரல் இரத்தக்கட்டு உண்டாகலாம். வெடித்த அனியூரிசம் (இரத்தக்குழாயின் வீங்கிய பலவீனமான இடம்) இன்னும் அடைக்கப்படாதவருக்கு மறுபடி இரத்தம் கசியலாம்.

கட்டளையில் அலகு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் கை வைக்க வேண்டாம். அளவுகோலில் ஒரு பக்கம் செ.மீ. நீர், மறுபக்கம் மி.மீ. இரசம். 15 செ.மீ. நீர் என்பது 11 மி.மீ. இரசம், 15 மி.மீ. இரசம் என்பது 20 செ.மீ. நீர். வெறுமனே "15" என்று சொன்னால் திருப்பிக் கேளுங்கள். உயரம் எவ்வளவு, தொடர்ந்து திறந்திருக்க வேண்டுமா இடையிடையே திறக்க வேண்டுமா, ஒரு மணிக்கு ஆகக்கூடியது எத்தனை மி.லீ., எப்போது அழைக்க வேண்டும் என்ற நான்கும் கட்டில் அட்டையில் எழுத்தில் இருக்க வேண்டும்.

தொகுதியைத் தயார் செய்தல்

இருவர் வேண்டும். ஒருவர் தொற்றுநீக்கிய கையுறை, கவுன், முகக்கவசத்தோடு; மற்றவர் பொருள்களைப் பிரித்துக் கொடுக்க. தேவையானவை: தொற்றுநீக்கிய வடிகால் தொகுதி, 20 மி.லீ. சிரிஞ்ச், பாதுகாப்பு மருந்து சேர்க்காத 0.9 வீத சேலைன், துளையில்லாத மூடிகள், தொற்றுநீக்கிய விரிப்பு, ரசமட்டம் அல்லது லேசர் மட்டம், லேபல்.

விரிப்பின் மேல் தொகுதியை வைத்து எல்லாத் திருகு இணைப்புகளையும் ஒருமுறை இறுக்குங்கள். தொழிற்சாலையில் பூட்டி வந்ததுதானே என்று விட்டுவிட்டால் நள்ளிரவில் கசியும். த்ரீ-வே எனப்படும் மூவழித் திருகு வழியாக சேலைனை மெதுவாகச் செலுத்தி, முதலில் தலைப்பக்கக் குழாயையும் பிறகு குடுவை வரையுள்ள குழாயையும் நிரப்புங்கள். குழாயை விரலால் தட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். துளையுள்ள மூடிகளைக் கழற்றி, துளையில்லாதவற்றைப் போடுங்கள். குடுவையின் தலையில் காற்று வடிகட்டி ஒன்று இருக்கிறது. நிரப்பும்போதும் பிறகும் குடுவையைச் சரிக்கவே கூடாது. அந்த வடிகட்டி நனைந்தால் காற்று உள்ளே போகாது, துளி நின்றுவிடும். அதைக் காயவைத்து மீட்க முடியாது. தொகுதியையே மாற்ற வேண்டிவரும்.

அழுத்தமானி இணைப்பதாயின் அதற்கும் சேலைன் மட்டுமே. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் கூடாது. இரத்தநாடி அழுத்தம் பார்க்கும் தொகுதியில் மாட்டும் அழுத்தப் பையை இங்கே மாட்டவே கூடாது: அது மணிக்கு 3 மி.லீ. வீதம் மூளைக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இணைத்ததும் கதீற்றருக்கு அருகிலும் ஒவ்வொரு த்ரீ-வேயிலும் லேபல் ஒட்டுங்கள்: "மூளை வடிகால் – மருந்து ஏற்றக் கூடாது." எங்கள் ஊர் விடுதியில் தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும், அடுத்த வேலைமுறைக்கு வருபவர் எந்த மொழியில் வேகமாக வாசிப்பார் என்று தெரியாது. நாளத்தில் ஏற்றும் மருந்து தவறி இந்தக் குழாயால் போனால் உயிர் போகலாம். சேலைன் குழாய்கள் கட்டிலின் ஒரு பக்கம், ஈ.வீ.டி. மறுபக்கம் என்று பிரித்துத் தொங்கவிடுவது மிக நல்ல பழக்கம்.

மட்டம் வைத்தல்

மல்லாந்து படுத்திருப்பவருக்கு, காதுத் துளைக்கு முன்னால் துருத்தி நிற்கும் சின்னக் குருத்துத்தான் குறி. ட்ரேகஸ் என்பார்கள். பக்கவாட்டில் திரும்பிப் படுத்தால் இரு புருவங்களுக்கும் நடு. அளவுகோலின் பூச்சியத்தை அந்தக் குறிக்கு நேராக ரசமட்டம் வைத்துப் பொருத்துங்கள். அதன் பிறகுதான் குடுவையைக் கட்டளையிட்ட உயரத்துக்கு நகர்த்த வேண்டும். புதியவர்கள் செய்யும் பிழை, குடுவையையே காதுக்கு நேராக வைப்பது. அப்போது கட்டளை 15 ஆக இருக்க, நடப்பது பூச்சியம்.

இனி, அதிகம் கேடு விளைவிக்கும் நிகழ்ச்சியைக் கணக்காகவே பாருங்கள். நோயாளி தட்டையாகப் படுத்திருக்கிறார். குடுவை 15 செ.மீ. மேலே இருக்கிறது. நோயாளரைப் பார்க்க விடும் நேரத்தில் மகள் வருகிறார். "அம்மாவுக்குத் தண்ணி குடுக்கத்தான் தலைமாட்டை உயர்த்தினனான், மிஸ்." அவர் உயர்த்தியது 30 பாகை. இடுப்பு மடிப்பிலிருந்து காது வரை ஏறத்தாழ 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், காது 30 செ.மீ. மேலே போயிருக்கிறது. ஸ்டாண்டில் மாட்டிய குடுவை அசையவில்லை. ஆகவே அது இப்போது காதுக்கு 15 செ.மீ. கீழே இருக்கிறது. பாய்பொருள் தடையின்றிக் கொட்டுகிறது. மகள் செய்தது அன்பினால். பிழை, அவருக்கு யாரும் சொல்லாதது. அதனால் முதல் நாளிலேயே உறவினரிடம் சொல்லுங்கள்: "கட்டிலைத் தொட முன்னம் எங்களைக் கூப்பிடுங்கோ. தலையணை மாத்திறதெண்டாலும் கூப்பிடுங்கோ." துப்புரவுப் பணியாளருக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளருக்கும் இதே சொல்.

திருப்பும்போது, உட்காரவைக்கும்போது, சளி உறிஞ்சும்போது முதலில் தலைப்பக்கக் கிளாம்பை மூடுங்கள். வேலை முடிந்ததும் மட்டம் வைத்து, பிறகு திறவுங்கள். மட்டத்துக்கு முன் திறப்பு இல்லை. மூடிய நேரத்தை உள்ளங்கையில் என்றாலும் எழுதிவையுங்கள். மறந்து மூடியபடியே விடுவது கூடுதலாக வடிவதற்குச் சற்றும் குறையாத ஆபத்து.

ஒவ்வொரு மணிக்கும்

மட்டம் சரியா, கிளாம்புகள் எப்படி, குழாய் மடிந்திருக்கிறதா, ட்ரெசிங் உலர்ந்திருக்கிறதா என்று தலையிலிருந்து பை வரை கண்ணால் நடந்து போங்கள். குழாயில் பாய்பொருள் நாடித் துடிப்போடு மெல்ல முன்னும் பின்னும் அசைய வேண்டும். அந்த அசைவு இருந்தால் வழி திறந்திருக்கிறது. குடுவையில் எத்தனை மி.லீ. என்று வாசித்து எழுதி, கீழ்த் திருகைத் திறந்து பைக்குள் விட்டு, மறக்காமல் மூடுங்கள். ஜீ.சீ.எஸ். அளவும் (நினைவு நிலையின் புள்ளி) கண்மணிகளும் அதே வரியில் பதியப்பட வேண்டும். வடிந்ததை நீர்ச்சமநிலை அட்டையிலும் சேருங்கள். அதில் சோடியமும் போகிறது.

நிறத்தைச் சும்மா "தெளிவு" என்று எழுதாமல் முந்தைய மணியோடு ஒப்பிட்டு எழுதுங்கள். தெளிந்து வந்தது திடீரெனச் சிவந்தால் புதிய கசிவு. கலங்கினால் தொற்றை நினைக்க வேண்டும்.

கட்டளையிட்ட மணியளவைத் தாண்டினால், பொதுவாக 20 மி.லீ.க்கு மேல் போனால், மட்டத்தைச் சரிபார்த்து உடனே அழையுங்கள். அழுத்த எண் வாசிக்க வேண்டுமானால் குடுவைப் பக்கம் மூடி, அழுத்தமானிப் பக்கம் மட்டும் திறந்து, அலை நிலைத்த பிறகு வாசியுங்கள். வடிந்துகொண்டிருக்கும்போது வாசித்த எண் பொய்யாகக் குறைந்து காட்டும்.

துளி நின்றால்

முதல் கேள்வி: அசைவு இருக்கிறதா? அசைவு இருந்து துளி விழாவிட்டால், உள்ளழுத்தம் குடுவையின் உயரத்தைவிடக் குறைவு. தொகுதி சரியாகவே வேலை செய்கிறது. "ஒன்றும் வரவில்லையே" என்று குடுவையை இறக்கிவைத்து வடியவிடுவது பெரும் தவறு.

அசைவும் இல்லையென்றால் மட்டம், கிளாம்ப், த்ரீ-வேயின் திசை, தலையணைக்கு அடியில் மடிந்த குழாய், நனைந்த வடிகட்டி என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாம் சரியானால் குடுவையைச் சில நொடிகள் மட்டும் காது மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கிப் பாருங்கள். துளி விழுந்தால் பழைய உயரத்துக்கே ஏற்றிவிடுங்கள். விழாவிட்டால் இரத்தக்கட்டியோ திசுத் துணுக்கோ அடைத்திருக்கிறது; நிபுணரை அழையுங்கள். சிரிஞ்ச் எடுத்து நீங்களே தள்ளவோ இழுக்கவோ வேண்டாம். அந்தக் கட்டி போய்ச் சேருமிடம் மூளையறை. காத்திருக்கும்போது நினைவு மங்குதல், ஒரு கண்மணி விரிதல், இரத்த அழுத்தம் ஏறி நாடி மெதுவாதல் ஆகியவற்றுக்குக் கண் வைத்திருங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது அவசரம்.

இணைப்புக் கழன்றால், கழன்ற இடத்துக்கும் தலைக்கும் இடையில் உடனே கிளாம்ப் போட்டு, நுனியைத் தொற்றுநீக்கிய கோஸால் சுற்றுங்கள். விழுந்த நுனியைத் துடைத்துத் திரும்ப மாட்டக் கூடாது. கதீற்றரே வெளியே வந்துவிட்டால் துளையைத் தொற்றுநீக்கிய ட்ரெசிங்கால் மூடி அழையுங்கள். வந்ததை உள்ளே தள்ள வேண்டாம்.

ஒவ்வொரு முறை தொகுதியைத் திறப்பதும் கிருமிக்குக் கதவு திறப்பதுதான். தினம் வழக்கமாகப் பாய்பொருள் மாதிரி எடுக்க வேண்டியதில்லை. எடுக்கும்போது வாயிலை அற்ககோல் கலந்த குளோர்ஹெக்சிடினால் நன்கு தேய்த்து முற்றாகக் காயவிடுங்கள். காயாமல் உள்ளே போனால் குளோர்ஹெக்சிடின் நரம்புத் திசுவுக்கு நஞ்சு. மாதிரியை நிமிடத்துக்கு 1 மி.லீ.க்கு மேற்படாமல் இழுங்கள். பை முக்கால்வாசி நிரம்பினால் வெறுமையாக்கித் திரும்பப் போடாமல் புதிய பை மாற்றுங்கள். வியர்வையில் தலையிலுள்ள பிளாஸ்டர் கழன்றுகொண்டே இருக்கும். கதீற்றரைத் தலையில் ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டினால், இழுபட்டாலும் இழுப்பு அந்தச் சுற்றோடு நிற்கும்.

கண்டிக்கு அனுப்பும்போது

திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபறணை, தம்புள்ளை வழியாகக் கண்டிக்குச் சுமார் 180 கி.மீ. நான்கு மணி நேரம் என்று வைத்தால், அந்த நேரத்தில் 80 மி.லீ. ஊறிவிடும். முழுப் பயணமும் மூடியே வைத்தால் எங்கே போகும்? ஆகவே புறப்படுமுன் ஏற்கும் நிபுணரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ஓட்டத்தில் திறந்திருக்கலாமா, அல்லது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் திறப்பது? அம்புலன்ஸில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் மூடியே இருக்க வேண்டும். குடுவையை நோயாளியின் மேல் படுக்கவைத்துக் கொண்டுபோகும் வழக்கத்தை விடுங்கள். வடிகட்டி நனைவது பெரும்பாலும் அப்போதுதான். உள்ளே நிமிர்த்தி மாட்டி, மட்டம் வைத்து, அதைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் அமர வேண்டும்.

நிறுத்தும்போது

நிபுணரின் சொற்படி குடுவையைப் படிப்படியாக உயர்த்தி, பிறகு பெரும்பாலும் 24 மணி நேரம் மூடிவைத்து, சீ.ரீ. எடுத்துப் பார்த்து அகற்றுவார்கள். மூடிய அந்த நாளில் தலையிடி, வாந்தி, தூக்க மயக்கம் வந்தால் காத்திருக்காமல் அழையுங்கள். அகற்றிய பிறகு தலையணை உறையைப் பாருங்கள். இளஞ்சிவப்புப் பொட்டைச் சுற்றி வெளிறிய ஈர வளையம் தெரிந்தால் துளையால் பாய்பொருள் கசிகிறது என்று எண்ணி அழையுங்கள். ட்ரெசிங்குக்கு மேல் ட்ரெசிங் வைத்தால் அது நிற்காது, தையல் போட வேண்டும்.