ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு: பழைய டெஸ்க்டாப்பை எங்கிருந்து பார்ப்பது?

பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், மானிட்டரில் மட்டும் ஒன்றும் வராது. உடனே மானிட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம். கோளாறு பெரும்பாலும் கேபினட்டுக்குள்தான் இருக்கும்.

படி 1: மானிட்டர்

மானிட்டரையும் கேபினட்டையும் இணைக்கும் விஜிஏ கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் ஆன் செய்யுங்கள். 'நோ சிக்னல்', 'செக் கேபிள்' என்று ஏதாவது எழுத்து வந்தால் மானிட்டர் நன்றாக இருக்கிறது. எதுவும் வராவிட்டால் இருட்டில் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடியுங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட் பகுதி போயிருக்கிறது.

திரைக்குப் படம் அனுப்பும் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிளை அதில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முக்கியப் பலகை) அல்ல. கேபிளின் நடு வரிசையில் ஒரு பின் இல்லாமல் இருந்தால் பயப்படாதீர்கள், பல கேபிள்கள் அப்படித்தான் வருகின்றன.

படி 2: ரேம்

ரேம் என்பது மதர்போர்டில் செருகியிருக்கும் நினைவக அட்டை. அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள்; மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தங்க நிறப் பட்டைகளில் தூசியும் ஈரப்பதமும் சேர்ந்து படலம் கட்டியிருக்கும். பென்சில் ரப்பரால் இரண்டு பக்கமும் மென்மையாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிடுங்கள். உப்புத்தாளும் பிளேடும் கூடாது. தங்கப்பூச்சு மிக மெல்லியது. ரேம் செருகும் ஸ்லாட்டை வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். காய்ந்த பிரஷ் போதும்.

இப்போது ஒரே ஒரு ரேமை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். இரண்டு ரேம், இரண்டு ஸ்லாட் என்றால் மாற்றி மாற்றி நான்கு முறை சோதிக்க வேண்டும். புது ரேம் வாங்கினால் கவனம்: டிடிஆர்2, டிடிஆர்3 என்ற ரேம் வகைகள் இரண்டுக்கும் 240 பின்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். உட்காராததை அழுத்தித் திணிக்காதீர்கள்.

ரேம் எதுவுமே இல்லாமல் ஆன் செய்தால் பல போர்டுகள் விடாமல் பீப் அடிக்கும். அடித்தால் போர்டும் பிராசசரும் உயிரோடு இருக்கின்றன. பீப் ஸ்பீக்கரே இல்லாத கேபினட்டில் இந்தச் சோதனை செல்லாது.

படி 3: பேட்டரி

திரை எப்போதாவது வரும்போது தேதி பழைய வருடத்துக்குப் போகிறதா? எஃப்1 அழுத்தச் சொல்கிறதா? மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் 3 வோல்ட் சி.ஆர்.2032 பேட்டரியை மாற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியை 5 நிமிடம் வெளியே வைத்தால் பயோஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் அழிந்து சில சமயம் திரையும் திரும்பிவிடும். அதன்பின் விண்டோஸ் நீலத்திரையில் நின்றால், பயோஸில் ஹார்ட் டிஸ்க் இணைப்புக்கான சாட்டா முறை ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஇ ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் குறை சொல்வது அதற்குப் பிறகு.

படி 4: எஸ்.எம்.பி.எஸ்.

எஸ்.எம்.பி.எஸ். என்பது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. ஃபேன் சுற்றுவதாலேயே சப்ளை சரி என்று ஆகிவிடாது. பிராசசர் அருகே தனியாகச் செருகும் 4 அல்லது 8 பின் 12 வோல்ட் பிளக் கழன்றிருந்தாலும் ஃபேன் சுற்றும், திரை வராது. மெஷின் ஓடும்போது மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் கறுப்பு வயரில் வைத்து, சிவப்பு முனையால் மற்ற நிற வயர்களை அளந்தால் வர வேண்டியது: மஞ்சள் 11.4 முதல் 12.6, சிவப்பு 4.75 முதல் 5.25, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வோல்ட். இதைவிடக் குறைந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றுங்கள். திறந்து பார்க்க மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

படி 5: போர்டு

பிராசசரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ போர்டில்தான் கோளாறு. சில விநாடி ஓடி அணைகிறது என்றால் பிராசசர் ஃபேனின் கிளிப் தளர்ந்திருக்கிறதா, அதற்கும் பிராசசருக்கும் நடுவே பூசிய பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

டிடிஆர்2 காலத்துப் போர்டுக்குப் பணம் போடுவது பெரும்பாலும் வீண். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா-யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி, கோப்புகளை முதலில் வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.