பிரார்த்தனைக்குள் இருக்கும் தேவையைக் கண்டுகொள்வது எப்படி?

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வாசலில் காத்திருப்பவர்கள் வேண்டிக்கொள்வதை அன்றாடம் பார்க்கிறேன். பயத்தில் வரும் பக்தியை மட்டமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் நம் வேண்டுதலுக்குள் எந்தத் தேவை இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிரார்த்தனை முடிந்த கையோடு ஒரு நோட்டில் எழுதுங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, என்ன கேட்டீர்கள், எழுந்தபோது மனம் எப்படி இருந்தது. "நாளை ஸ்கேன் ரிசல்ட். பயம். அழுதேன், கொஞ்சம் லேசானது." இவ்வளவு போதும். கடவுளிடம் கோபித்துக்கொண்ட நாளையும் எழுதுங்கள்.

சில வாரம் கழித்துப் படித்தால், ஒரே உணர்வு திரும்பத் திரும்பத் தலைகாட்டும். அதற்கு வெட்கப்பட வேண்டாம். துன்பப்படுபவரையும் பொருள் வேண்டுபவரையும் கீதை (7.16) ஞானியோடு சேர்த்தே பக்தர் வரிசையில் வைக்கிறது. பைபிளின் 22ஆம் சங்கீதம் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றே தொடங்குகிறது. பசிபிக் கடலின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி கவனித்ததும் இதையொட்டியதுதான்: அமைதியான காயலில் மீன்பிடிக்கச் சடங்கு இல்லை, ஆபத்தான திறந்த கடலுக்கு உண்டு.

அடுத்தது கடினமான வேலை. அந்தத் தேவைக்கு வேறு என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். பயம் என்றால், வேண்டிக்கொண்ட பிறகு மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளையும் எழுதிக்கொண்டு போங்கள். தனிமை என்றால், கூட்டு வழிபாட்டில் பக்கத்தில் நிற்பவரிடம் நாலு வார்த்தை பேசுங்கள். குற்ற உணர்வுதான் சிக்கலானது. உங்களால் காயப்பட்டவர் உயிரோடு இருக்கும்போது கடவுளிடம் மட்டும் மன்னிப்புக் கேட்பது போதாது. அவரிடமும் போக வேண்டும். அவர் இறந்திருந்தால் பிரார்த்தனைதான் வழி, அதை மனம்விட்டுச் செய்யுங்கள்.

உங்கள் பயத்தைக் கிளறிப் பணம் கேட்பவரிடமிருந்து, மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து உடனே விலகுங்கள். எந்தத் தேவை நம்மை இழுக்கிறது என்று தெரிந்திருந்தால், இவர்கள் எங்கே கைவைக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

தேவை இருப்பதாலேயே நம்பிக்கை பொய் என்று முடிவுகட்டாதீர்கள். மதத்தை ஆசையின் விளைவாகப் பார்த்த உளப்பகுப்பாய்வு முன்னோடி ஃப்ராய்டே, ஆசையில் பிறந்த நம்பிக்கை பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று 1927இல் எழுதினார்.

அப்புறம், இந்தச் சோதனை உங்களுக்கு மட்டும். அடுத்தவர் அழுதுகொண்டே வேண்டும்போது அவருக்குக் காரணம் விளக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.