8085 சிமுலேட்டரில் போர்ட்டும் இன்டரப்டும்: அரே போதாது, கம்பி வேண்டும்

8085 என்ற 8 பிட் மைக்ரோபிராசசருக்கு சிமுலேட்டர் எழுத உட்காருகிறவர்கள் இன்ஸ்ட்ரக்‌ஷன்களை எப்படியும் முடித்துவிடுவார்கள். திணறுவது, சிப்புக்கு வெளியே இருக்கும் டிவைஸ்களைச் சேர்க்கும்போதுதான். எங்கள் லேபுக்காக நான் எழுதிய சிமுலேட்டரில் 8251 சீரியல் சிப்பைச் சேர்த்தபோது பட்டுத் தெரிந்துகொண்டதை, அந்தச் சிப்பை வைத்தே சொல்கிறேன்.

முதலில் போர்ட், அதாவது சிபியு டிவைஸோடு பேசும் வாசல். போர்ட்டைப் படிக்கும் ஐஎன், எழுதும் அவுட் இரண்டுக்கும் 8 பிட் முகவரி, ஆக 256 போர்ட். 256 பைட்டுக்கு ஒரு அரே போட்டு, அவுட் வந்தால் எழுது, ஐஎன் வந்தால் எடு என்று முடிக்கத் தோன்றும். வேண்டாம். போர்ட்டில் போட்டது அப்படியே திரும்பி வராது. 8251-க்கு இரண்டே முகவரி: டேட்டா, கன்ட்ரோல். அசிங்க்ரனஸ் முறையில், ரீசெட் ஆனபின் கன்ட்ரோலில் எழுதும் முதல் பைட் மோட், அடுத்து வருவது கமாண்ட். அதே முகவரியைப் படித்தால் இவை எதுவும் வராது, ஸ்டேட்டஸ் வரும். அதனால் ஒவ்வொரு முகவரிக்கும் படிக்க ஒரு ஃபங்ஷன், எழுத ஒரு ஃபங்ஷன் வையுங்கள். டிவைஸ் இல்லாத முகவரியைப் படித்தால் ஹெக்ஸ் எஃப்எஃப் கொடுத்து லாகில் ஒரு வரி போடுங்கள்; போர்ட் எண்ணைத் தப்பாக அடித்த மாணவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

மூன்றாவதாக, எட்டிப்பார்க்க மட்டும் ஒரு ஃபங்ஷன் அவசியம் வேண்டும். இது இல்லாமல் நான் மூன்று மாலைகளைத் தொலைத்தேன். கீபோர்டில் 12345 அடித்தால் புரோகிராமுக்கு 135 மட்டும் போகும். போர்ட் மதிப்புகளைக் காட்டும் ஜன்னலை மூடினால் எல்லாம் சரி. திறந்தால் மறுபடி ஓட்டை. 8251-இல் டேட்டாவைப் படித்த மாத்திரத்தில் எழுத்து வந்து காத்திருப்பதைச் சொல்லும் ஆர்எக்ஸ்ரெடி பிட் இறங்கிவிடும். திரையில் காட்டுவதற்காக என் ஜன்னலும் அதே படிக்கும் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, 2-ஐயும் 4-ஐயும் புரோகிராமுக்கு முன்னால் எடுத்துக்கொண்டிருந்தது. எட்டிப்பார்க்கும் ஃபங்ஷன் மதிப்பைச் சொல்லட்டும், நிலையைத் தொடக்கூடாது.

இனி இன்டரப்ட், அதாவது ஓடும் புரோகிராமை இடைநிறுத்தி டிவைஸைக் கவனிக்கச் சொல்லும் அழைப்பு. 8251-இன் ஆர்எக்ஸ்ரெடி பின்னை 8085-இன் இன்டரப்ட் பின்களில் ஒன்றான ஆர்எஸ்டி 6.5-உடன் இணைத்திருக்கிறோம் என்று வையுங்கள். எழுத்து வந்ததும் டிவைஸே சிபியுவைக் கூப்பிட்டு 6.5-க்குரிய முகவரியான ஹெக்ஸ் 34-க்குத் தாவச் சொல்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அந்த நேரம் இன்டரப்ட் டிஸேபிள் ஆகியிருந்தால்? விட்டுவிட்டால் எழுத்து போச்சு. வரிசையில் சேர்த்து வைத்தால், டேட்டாவை ஏற்கெனவே எடுத்துவிட்ட பிறகும் பழைய இன்டரப்ட் வந்து நிற்கும்.

டிவைஸ் ஒரு கம்பியை ஏற்றும், இறக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. ஸ்டேட்டஸ் மாறும் இடங்களிலெல்லாம் ஒரே ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு, கம்பி உயரமா தாழ்வா என்பதை அங்கே மட்டும் தீர்மானியுங்கள். சிபியு ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷன் முடிவிலும் கம்பிகளை ட்ராப், 7.5, 6.5, 5.5, ஐஎன்டிஆர் என்ற முன்னுரிமை வரிசையில் பார்க்கட்டும். ஒரே எழுத்து முடிவில்லாமல் வந்துகொண்டிருந்தால், டேட்டா படித்த இடத்தில் கம்பியை இறக்க மறந்திருக்கிறீர்கள்.

ஆர்எஸ்டி 7.5 மட்டும் தனி ஜாதி. அது எட்ஜை, அதாவது கம்பி ஏறும் கணத்தைப் பார்க்கும். கம்பி ஏறியதும் உள்ளே ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப் செட் ஆகும். மாஸ்க் செய்து அந்த இன்டரப்டைத் தடுத்திருந்தாலும் ஆகும், கம்பி உடனே இறங்கினாலும் அப்படியே நிற்கும். சிபியு இன்டரப்டை ஏற்கும்போதோ, மாஸ்க்கை அமைக்கும் சிம் இன்ஸ்ட்ரக்‌ஷனில் 4-ஆம் பிட்டை 1 ஆக்கும்போதோ, சிப் ரீசெட் ஆகும்போதோதான் அழியும்.

இன்டரப்டை அனுமதிக்கும் இஐ விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். இஐ-க்கு அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷன் முடிந்த பிறகே இன்டரப்ட் ஏற்கப்படும். இன்டரப்டைக் கவனிக்கும் சர்வீஸ் ரொட்டீன் இஐ, ரெட் (பழைய இடத்துக்குத் திரும்பு) என்று முடிவதே இந்த இடைவெளியை நம்பித்தான். அதை விட்டால், இன்டரப்ட் நெருக்கமாக வரும்போது ரெட் ஓடுவதற்குள் அடுத்தது நுழையும். ஒவ்வொரு முறையும் ஸ்டாக் 2 பைட் கீழே போகும்.

எழுத்து எப்போது வர வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓட்டுகிற ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு விடை வரும். டி-ஸ்டேட்டை, அதாவது சிப்பின் கடிகாரத் துடிப்பை எண்ணுங்கள். 6.144 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டால் சிப் 3.072-இல் ஓடும். 9600 பாடில் (நொடிக்கு 9600 பிட்) ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து எழுத்துக்கு 10 பிட் என்றால், சரியாக 3200 டி-ஸ்டேட்டுக்கு ஒரு எழுத்து.

கடைசியில் இந்தச் சோதனையை ஓட்டுங்கள். 6.5-ஐ மாஸ்க் செய்துவிட்டு இரண்டு எழுத்து அனுப்புங்கள். ஸ்டேட்டஸின் 4-ஆம் பிட்டில் ஓவர்ரன் (படிக்காத எழுத்தின் மேல் அடுத்தது விழுந்த பிழை) ஏறியிருக்க வேண்டும். டேட்டாவைப் படித்தால் இரண்டாவது எழுத்து வர வேண்டும். இப்போது மாஸ்க்கை எடுத்து இஐ கொடுங்கள். இன்டரப்ட் வரக்கூடாது. அதே கம்பியை 7.5-க்கு மாற்றி மறுபடி ஓட்டினால், ஒரே ஒரு தடவை வர வேண்டும்.