லேப்டாப் ஃபேன் கத்துகிறதா? லினக்ஸைத் திட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சித்தி மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அண்ணா, இது ஃபேனா மிக்ஸியா? நீ லினக்ஸ் போட்டுக் குடுத்ததுலேர்ந்துதான் இப்படிக் கத்துது." ஆறு மாதத்துக்கு முன் உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) போட்டுக் கொடுத்தது நான்தான். பழி என் தலையில் விழுந்ததால், உட்கார்ந்து முறையாகப் பார்த்தேன். பார்த்த வரிசையிலேயே இங்கே தருகிறேன். டெர்மினலையே (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) திறந்து பார்க்காதவரும் செய்துவிடலாம்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதி, அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்திலும் தந்திருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். உபுண்டு, டெபியன், மின்ட் மூன்றிலும் இவை ஒன்றுதான்.

படி 1: காதும் கையும்

எந்த மென்பொருளையும் நிறுவும் முன், காற்று வெளியேறும் துவாரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். சத்தமும் பலமாக, சூடான காற்றும் பலமாக வந்தால் ஃபேன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. உள்ளே ஏதோ ஒன்று புராசசரைப் போட்டு வாட்டுகிறது, அவ்வளவுதான். சத்தம் பெரிதாக இருந்தும் காற்று மெல்லியதாக வந்தால், வழி அடைத்திருக்கிறது. 'கரகர' என்றோ 'டக்டக்' என்றோ கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கலாம், இல்லையென்றால் உள்ளே ஏதாவது ஒயர் இறக்கையில் உரசலாம்.

சத்தமே இல்லை, அடிப்பக்கம் மட்டும் தொட முடியாத அளவுக்குக் கொதிக்கிறதா? உடனே அணைத்துவிடுங்கள். ஃபேன் சுற்றவில்லை என்று அர்த்தம். மற்ற படிகளை விட்டுவிட்டு நேராக ஆறாம் படிக்குப் போங்கள்.

தங்கையுடையது இரண்டாவது ரகம். இரைச்சல் ஊரைக் கூட்டியது, காற்று மட்டும் பெருமூச்சு அளவுக்குத்தான் வந்தது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் வரிசையை விடவில்லை.

படி 2: லினக்ஸ் இல்லாமலே பாருங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. ஆனால் குற்றவாளி யார் என்பதைப் பெரும்பாலும் இதுவே காட்டிக்கொடுத்துவிடும். லேப்டாப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். பிறகு ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது எஃப்10 அல்லது டெலீட் பட்டனைத் தட்டி (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பயாஸ் திரைக்குள் (லினக்ஸ் ஏறுவதற்கு முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) போங்கள். எதையும் மாற்றாமல் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள்.

பயாஸில் இருக்கும்போது லினக்ஸ் இயங்கவே இல்லை. அங்கேயும் ஃபேன் உச்சத்துக்குப் போய்க் கத்தினால் குறை தூசியில், தெர்மல் பேஸ்டில் (புராசசர் சூட்டைக் கடத்தும் பசை), அல்லது ஃபேனில். ஒரு விஷயம்: பயாஸில் புராசசர் முழுதாக ஓய்வெடுப்பதில்லை. அதனால் மிதமான வேகத்தில் சுற்றினால் கவலைப்படாதீர்கள், அது இயல்பு. அங்கே அமைதியாக இருந்து உபுண்டுக்குள் வந்ததும் கத்தினால்தான் மென்பொருள் பக்கம் பார்க்க வேண்டும்.

தங்கையுடையது பயாஸிலேயே ஐந்தாவது நிமிடத்தில் கத்த ஆரம்பித்தது. "இப்ப யார் மேல தப்பு?" என்றேன். "சரி, மேல பாரு" என்று மட்டும் சொன்னாள்.

படி 3: எத்தனை டிகிரி?

கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும் (திறக்காவிட்டால் மெனுவில் 'டெர்மினல்' என்று தேடித் திறங்கள்). இதைத் தட்டுங்கள்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எல்எம்-சென்சார்ஸ் (sudo apt install lm-sensors)

பாஸ்வேர்ட் கேட்கும். தட்டும்போது திரையில் புள்ளிகூட விழாமல் இருக்கலாம். கீபோர்ட் கெட்டுப்போகவில்லை, பல லினக்ஸ்களில் வழக்கமே அதுதான். நிறுவி முடிந்ததும்:

சூடோ சென்சார்ஸ்-டிடெக்ட் (sudo sensors-detect)

வரிசையாக ஆமா, இல்லையா என்று கேள்வி கேட்கும். ஒவ்வொன்றுக்கும் என்டர் மட்டும் தட்டிக்கொண்டே போங்கள். அது தானே தேர்ந்து வைத்திருக்கும் பதில்தான் பாதுகாப்பானது. கடைசியில் (watch sensors):

வாட்ச் சென்சார்ஸ்

இரண்டு விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலை புதுப்பித்துக்கொண்டே வரும். வெளியே வர கண்ட்ரோல், சி. இன்டெல் புராசசர் என்றால் 'கோர்டெம்ப்' என்ற தலைப்பின் கீழும், ஏஎம்டி என்றால் 'கே10டெம்ப்' என்ற தலைப்பின் கீழும் பாருங்கள். இன்டெல்லில் பக்கத்தில் 'கிரிட்' என்று ஓர் எண் இருக்கும், அதுதான் ஆபத்து எல்லை. பல இன்டெல் லேப்டாப்களில் அது 100 டிகிரி. அந்த எல்லைக்குப் போனால் இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேலே போனால் அணைந்தே விடும். சில லேப்டாப்களில் ஃபேன் சுற்றும் வேகமும் ஆர்பிஎம் கணக்கில் தெரியும். தெரியாவிட்டால் ஃபேன் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த மாடல் தன் வேகத்தை லினக்ஸுக்குச் சொல்வதில்லை, அவ்வளவே.

இணையத்தில் படிக்கும் 'சரியான' டிகிரி கணக்கெல்லாம் குளிர்ந்த ஊர்க்காரர்கள் எழுதியது. நம் ஊரில் மே மாத மதியம் கரண்ட் போன அறைக்குள்ளேயே 36, 37 டிகிரி இருக்கும். ஃபேன் அந்தக் காற்றை வைத்துத்தான் குளிர்விக்க வேண்டும். ஆகவே சும்மா இருக்கும்போது 50, 55 காட்டினால் நான் கண்டுகொள்ள மாட்டேன். ஒரு வேலையும் இல்லாமல் 70-ஐத் தாண்டி நின்றால் விசாரிப்பேன். தங்கையுடையது 74.

படி 4: யார் வேலை வாங்குகிறார்கள்?

அதே டெர்மினலில் 'டாப்' (top) என்று தட்டி, பிறகு பெரிய எழுத்து 'பி'யை அழுத்துங்கள். புராசசரை அதிகம் தின்பவர் முதல் வரிக்கு வருவார். 'க்யூ' தட்டினால் வெளியேறலாம். இதில் 100 சதவீதம் என்றால் முழுப் புராசசரும் அல்ல, ஒரு கோர் (புராசசருக்குள் இருக்கும் பல பிரிவுகளில் ஒன்று) மட்டும். 130, 200 என்றெல்லாம் வந்தால் பயப்பட வேண்டாம்.

பிரவுசர் முதலிடத்தில் இருந்தால் டேப்களை மூடிப் பாருங்கள். பெயரில் 'டிராக்கர்' அல்லது 'பலூ' இருந்தால், அது உங்கள் கோப்புகளைத் தேடலுக்காகப் பட்டியலிடும் வேலை. புதிதாக லினக்ஸ் போட்ட நாளிலும், கல்யாண ஆல்பம் மொத்தத்தையும் காப்பி செய்த நாளிலும் இது கொஞ்ச நேரம் ஓடித் தானே அடங்கும். 'கேவொர்க்கர்' மணிக்கணக்கில் மேலேயே உட்கார்ந்திருந்தால் அது பெரும்பாலும் கர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) வன்பொருளும் போடும் சண்டை. அடுத்த படி அதற்குத்தான்.

படி 5: மென்பொருள் பக்கம்

செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய் 'பெர்ஃபாமன்ஸ்' தேர்வாகியிருந்தால் 'பேலன்ஸ்ட்' அல்லது 'பவர் சேவர்' என்று மாற்றுங்கள். சிலருக்கு இதிலேயே சத்தம் குறையும். பிறகு நிலுவையில் உள்ள அப்டேட்களை முடியுங்கள். பயாஸ் அப்டேட் வந்தால், சார்ஜர் மாட்டி, பேட்டரி நிறைந்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள். நடுவில் அணைந்தால் லேப்டாப் எழுந்திருக்காமலே போகலாம். நம் ஊர் கரண்டை நம்பி இதில் இறங்கக் கூடாது.

ஓர் அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்றால், பழைய கர்னலில் ஏறிப் பாருங்கள். ஆன் செய்யும்போது எஸ்கேப் (பழைய லேப்டாப்களில் ஷிஃப்ட்) பட்டனைத் தட்டினால் கிரப் மெனு (எதில் ஏறுவது என்று கேட்கும் பட்டியல்) வரும். அதில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' உள்ளே முந்தைய கர்னல் இருக்கும். அதில் அமைதியாக இருந்தால் காரணம் பிடிபட்டுவிட்டது, அடுத்த அப்டேட் வரும்வரை அதிலேயே ஓட்டலாம். மூடி வைத்துத் திறந்த பிறகு மட்டும் ஃபேன் முரண்டு பிடித்து, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறதா? அதுவும் இந்த ரகமே.

ஃபேன் வேகத்தை நாமே கட்டுப்படுத்தும் மென்பொருள்கள் உண்டு: திங்க்பேடுக்கு 'திங்க்ஃபேன்', டெல்லுக்கு 'ஐ8கேயுடில்ஸ்'. முதல் நாளே இவற்றில் கை வைக்காதீர்கள். லேப்டாப்பில் ஃபேனை ஓட்டுவது பெரும்பாலும் மதர்போர்டில் தனியாக இருக்கும் ஒரு சின்ன சிப். லினக்ஸ் அதற்கு யோசனைதான் சொல்கிறது. 'ஃபேன்கண்ட்ரோல்' மென்பொருளை வைத்து நான் என் பழைய லேப்டாப்பில் மூன்று இரவு மல்லுக்கட்டினேன். கட்டுப்படுத்தக்கூடிய ஃபேனே இல்லை என்ற ஒரே பதில்தான் வந்தது. நான்காம் நாள் மூடியைத் திறந்தேன். இறக்கையில் லுங்கி நூல் சுற்றிக் கிடந்தது.

படி 6: திறந்து துடைப்பது

வாரண்டி இருந்தால் திறக்காதீர்கள், சர்வீஸில் கொடுங்கள். இல்லையென்றால் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பை எடுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இருக்காது. ஒரு தாளில் லேப்டாப் மாதிரி கட்டம் போட்டு, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள்.

ஃபேன் இறக்கைகளில் இருக்கும் தூசி கண்ணுக்குத் தெரியும். தெரியாத எதிரி அதற்குப் பின்னால், ஹீட் சிங்க் (சூட்டை வெளியே கடத்தும் உலோகப் பாகம்) தகடுகளின் வாயில், கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும் பஞ்சு. ஃபேனைக் கழற்றினால்தான் அது வெளியே வரும். தங்கை லேப்டாப்பில் ஒரு விரல் நீளத்துக்கு மெத்தையாகவே எடுத்தேன். கட்டிலில் போர்வை மேல் வைத்துப் படிக்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தப் பரிசு உண்டு. மென்மையான பெயின்ட் பிரஷ் போதும். ஏர் புளோயர் அடித்தால் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

எங்கள் கடலூர் சில்வர் பீச் பக்கமோ, புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டியோ குடியிருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள். உப்புக் காற்றில் தூசி உதிராமல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தகடுகளைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மூடுங்கள்.

ஹீட் சிங்கைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்டைச் சுத்தமாக எடுத்துப் புதிது வைத்தே ஆக வேண்டும். ஒரு பச்சைப்பயறு அளவு போதும். அந்தத் துணிச்சல் இல்லாதவர்கள் ஃபேனை மட்டும் கழற்றித் துடையுங்கள், ஹீட் சிங்கைத் தொட வேண்டாம். நானும் அன்று தொடவில்லை.

மூடியபின் மறுபடி 'வாட்ச் சென்சார்ஸ்'. 74 காட்டிய இடத்தில் 53. துவாரத்தில் கை வைத்தால் காற்று உள்ளங்கையில் பலமாக அடித்தது. சின்னதாக ஒரு 'கரகர' மட்டும் பாக்கி, பேரிங் தேய ஆரம்பித்திருக்கிறது. புது ஃபேன் வாங்கும்போது லேப்டாப் மாடலை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று வகை ஃபேன் வருவதுண்டு. பழைய ஃபேன் ஸ்டிக்கரில் உள்ள எண்ணையும், ஒயர் மூன்றா நான்கா என்பதையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். தங்கை அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். லினக்ஸ் மேல் சுமத்திய பழியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.