கண்ணை மூடாமல் பழகிய கதை

ஏற்காடு மலைப்பாதையில் பைக் சறுக்கி இடது தோள் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் ஏதாவது விழுந்தால்கூட கண் இறுக மூடிக்கொள்ளும். சரி என்று குத்துச்சண்டை பழகப் போனேன். 3 நிமிட ரவுண்டில் பாதி நேரம் எதிராளியையே பார்க்கவில்லை!

மாஸ்டர் திட்டவில்லை. “மூச்சை அடக்காதே தம்பி, குத்து வரும்போது வெளியே விடு” என்றார்.

மொட்டைமாடித் துணிக்கொடியில் டென்னிஸ் பந்தை நூலில் கட்டி, நெற்றி உயரத்தில் ஆட்டிவிட்டேன். பந்திலுள்ள வெள்ளைக் கோட்டையே பார்க்கணும், ‘ஸ்ஸ்’ என்று மூச்சு விட்டபடி தலையை நகர்த்தணும். முதல் வாரம் முழுக்க மூக்கில்தான் பட்டது. அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

இரண்டு மாதம் ஆனது. போன ஞாயிறு 20 கொண்டை ஊசி வளைவையும் நானே ஓட்டி ஏறினேன். பதினோராவதில் பஸ் ஒன்று திரும்பியது. ‘ஸ்ஸ்’ என்றேன்.