பிள்ளையின் முதுகு பக்கவாட்டில் வளைகிறதா? வீட்டில் பார்ப்பது முதல் பெல்ட் பழக்குவது வரை

ஸ்கோலியோசிஸ் என்னும் முதுகெலும்பு வளைவை முதலில் கண்டுபிடிப்பவர் பல நேரம் தையல்காரர்தான். சுடிதாரின் கீழ்விளிம்பு ஒரு பக்கம் ஏறி நிற்கும், துப்பட்டா எப்போதும் ஒரே தோளிலிருந்து நழுவும். வீட்டில் அதைப் பார்த்து "நேரா நில்லு" என்று அதட்டுவார்கள். ஆனால் இது நிற்கும் பழக்கத்தால் வருவதல்ல. புத்தகப் பையின் கனத்தாலும் வருவதல்ல. பெரும்பாலும் வலியும் இருக்காது. வலி வரட்டும் என்று காத்திருந்தால், வளரும் பருவம் கைநழுவிப் போய்விடும்.

பத்து வயதிலிருந்து வளர்ச்சி நிற்கும்வரை ஆறு மாதத்துக்கொரு முறை வீட்டிலேயே பாருங்கள். முதுகு தெரிய வேண்டும், கால் வெறுமையாக இருக்க வேண்டும். இரு பாதங்களையும் சேர்த்து, முழங்கால் மடங்காமல், உள்ளங்கைகளைக் கூப்பியபடி தொங்கவிட்டு, மெல்லக் குனியச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்து முதுகின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவாருங்கள். ஒரு பக்க விலா மேடிட்டுத் தெரிந்தால் முதுகெலும்பு வளைவதோடு திருகியும் இருக்கிறது என்று பொருள். மேடு இடுப்பருகே மட்டும் தெரிந்தால் ஸ்டூலில் உட்காரவைத்து மறுபடி குனியச் சொல்லுங்கள். அப்போது மறைந்துவிட்டால் கால் நீள வித்தியாசம் காரணமாக இருக்கலாம்.

போனில் உள்ள லெவல் வசதியாலும் அளக்கலாம். போனின் கீழே இரு கட்டைவிரல்களையும் சற்று இடைவெளி விட்டு வைத்துக்கொண்டு, முதுகெலும்பின் நடுமுனை அந்த இடைவெளியில் வரும்படி முதுகில் வையுங்கள். நேரடியாக வைத்தால் எலும்பு முனையில் போன் ஆடி அளவு தப்பும். 5 முதல் 7 டிகிரிக்கு மேல் காட்டினால் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இது திருகலின் அளவு. எக்ஸ்ரேயில் அளக்கும், பக்கவாட்டு வளைவைச் சொல்லும் காப் கோணம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அதிகம் தவறு நடப்பது எக்ஸ்ரேயில்தான். படுக்கவைத்து, இடுப்பை மட்டும் எடுத்த படத்தில் வளைவு குறைவாகத் தெரியும். கழுத்திலிருந்து இடுப்பெலும்புவரை ஒரே படமாக, நின்ற நிலையில், கதிர் முதுகுப் பக்கமிருந்து வரும்படி எடுக்கச் சொல்லுங்கள். அப்படி எடுத்தால் மார்பகத்துக்குப் போகும் கதிர்வீச்சு குறையும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பும் படத்தில் விழ வேண்டும், வளர்ச்சி எவ்வளவு பாக்கி என்று மருத்துவர் கணிப்பது அதில்தான். அடுத்த முறையும் அதே எக்ஸ்ரே மையத்தில் எடுப்பது நல்லது. அளப்பதிலேயே 5 டிகிரி வரை பிசகு வரும் என்பதால் 22 என்றது 25 ஆனதற்குப் பதறத் தேவையில்லை.

காப் கோணம் 10 டிகிரிக்குக் கீழ் இருந்தால் ஸ்கோலியோசிஸ் என்றே சொல்வதில்லை. 25 வரை, வளரும் பிள்ளையை நான்கு முதல் ஆறு மாதத்துக்கொரு முறை பார்த்துவருவார்கள். 25 முதல் 40 வரை, வளர்ச்சி பாக்கியிருந்தால் பெல்ட். 45, 50-ஐத் தாண்டினால் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வரும்.

கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்குக் கோரிமேட்டு ஜிப்மரின் எலும்பு மருத்துவப் பிரிவு பக்கத்தில் இருக்கிறது. எங்கே போனாலும் மருத்துவரின் பயிற்சியைக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.எஸ். எலும்பியல் மூன்று ஆண்டு, அதன்பின் முதுகெலும்பிலோ குழந்தை எலும்பியலிலோ தனிப்பயிற்சி எடுத்தவராக இருக்க வேண்டும். பெரியவர்களின் டிஸ்க் அறுவையில் கைதேர்ந்தவருக்கு வளரும் முதுகு பழகியிருக்கும் என்று சொல்ல முடியாது. சின்னக் குழந்தையின் முதுகெலும்புக் கட்டைகளை அறுவையில் முன்கூட்டியே ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் மார்புக்கூடும் நுரையீரலும் வளர இடமிருக்காது. அதனால்தான் அந்த வயதில் மாவுக்கட்டு, நீட்டக்கூடிய கம்பி என்று வேறு வழிகளை யோசிப்பார்கள். அறுவை என்று முடிவானால், ஆண்டுக்கு எத்தனை பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள், அறுவை நடக்கும்போதே தண்டுவட நரம்புகளைக் கண்காணிக்கும் கருவி உண்டா என்ற இரண்டையும் கட்டாயம் கேளுங்கள்.

ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் அடக்க முடியாமை, இடுப்பு நடுவில் முடிக்கொத்து, மார்புப் பகுதி இடப்பக்கம் வளைதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் எம்.ஆர்.ஐ. பற்றி உடனே பேச வேண்டும்.

இனி பெல்ட். மருந்துக்கடையில் விற்கும் எலாஸ்டிக் இடுப்பு பெல்ட் இதற்குப் பயன்படாது. உடலை அளவெடுத்துச் செய்யும் கெட்டி பிளாஸ்டிக் கூடு இது. 2013-இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில் பெல்ட் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரியை எட்டவில்லை, போடாதவர்களில் அது 48 சதவீதம். தினமும் சராசரியாக 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல். 6 மணி நேரத்துக்குள் போட்டால் போடாததற்குச் சமம்தான். மருத்துவர் பெரும்பாலும் 18 மணி நேரம் சொல்வார். பள்ளியில் சில மணி நேரம் விட்டுப்போனாலும் வீட்டுக்கு வந்ததும் போட்டு, தூக்கத்திலும் கழற்றாமல் இருந்தால் ஈடுகட்டலாம்.

முதல் நாள் இரண்டு மணி நேரம் போதும், இரண்டு வாரத்தில் முழு நேரத்துக்கு ஏற்றுங்கள். இறுக்க வேண்டிய இடத்தில் வாரில் பேனாவால் கோடு போட்டுவையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை நாளுக்கொரு துளை தளர்த்திக்கொண்டே போகும், அப்புறம் கூடு வெறும் சட்டைதான்.

நம் கடலோரப் புழுக்கத்தில் தோல்தான் முதல் எதிரி. உள்ளே தையலில்லாத, தொடைவரை இறங்கும் பருத்திப் பனியன் போடுங்கள். கத்திரி வெயிலில் நாளுக்கு மூன்று மாற்ற வேண்டிவரும். கூட்டுக்குள் சுருக்கம் விழாமல் கீழே இழுத்துவிடுங்கள். பவுடர் வேர்வையில் கட்டிபிடித்து உராயும், தேங்காயெண்ணெய் தோலை ஊறவைத்துவிடும், இரண்டும் வேண்டாம். கழற்றியபின் சிவப்பு அரை மணி நேரத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டாலோ தோல் உரிந்தாலோ பெல்ட் செய்தவரிடம் அந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்யக் கொடுங்கள், பஞ்சு வைத்து நீங்களே ஒட்டினால் அழுத்தம் இடம் மாறிவிடும். கூட்டைச் சோப்புத் துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். மொட்டை மாடி வெயிலிலோ மூடிய காரிலோ விட்டால் பிளாஸ்டிக் வளைந்து, அளவெடுத்ததெல்லாம் வீணாகிவிடும்.